கருந்துளையின் எடை சொல்லும் செய்தி

எரிந்து முடிந்த விண்மீனில் மிஞ்சும் உட்கரு என்னவாகும் என்பதை அதன் எடையே முடிவுசெய்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். சந்திரசேகர் 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது இதற்கான கணக்கைப் போட்டார். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு வரை எடையுள்ள உட்கரு வெண்குள்ளனாக நிலைக்கும். அதைத் தாண்டினால் நியூட்ரான் விண்மீனாகச் சுருங்கும். இரண்டு, மூன்று சூரிய எடைக்கு மேல் போனால் கருந்துளையாகும்.

எனவே சூரியனைவிட எடை குறைந்த கருந்துளை விண்மீனிலிருந்து வழக்கமான வழியில் பிறக்க முடியாது. அப்படியொன்று அகப்பட்டால், அண்டத்துப் பொருளில் சுமார் 85 விழுக்காடாக இருந்தும் ஒளி எதுவும் தராமல் ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் கரும்பொருளைப் பற்றி அது துப்புத் தரக்கூடும்.

இத்தகைய இலேசான கருந்துளை இருப்பதற்கு ஒரு வழி ஆதிக் கருந்துளைகள். பெருவெடிப்பை அடுத்த கணத்திலேயே, அடர்த்தி மிகுந்த இடங்கள் சரிந்து இவை உருவாகியிருக்கலாம். இவையே கரும்பொருளாகவும் இருக்கலாம். இதைச் சோதிக்க 2014-இல் சுபாரு தொலைநோக்கி ஆந்திரமேடா விண்மீன் மண்டலத்தை ஓரிரவு முழுக்கப் படம்பிடித்தது. கரும்பொருள் முழுவதும் நிலவைவிட இலேசான கருந்துளைகளாக இருந்தால், அவற்றின் ஈர்ப்பால் ஏறத்தாழ ஆயிரம் விண்மீன்கள் சற்று நேரம் கூடுதலாகப் பிரகாசித்திருக்க வேண்டும். தென்பட்டதோ ஐயத்துக்குரிய ஒன்றே ஒன்று. 2019-இல் வெளியான இந்த ஆய்வில் இந்திய வானியலர்களும் பங்கேற்றனர்.

இலேசான கருந்துளை உருவாக இன்னொரு வழியை இயற்பியலர்கள் பசுதேப் தாஸ்குப்தா, ரஞ்சன் லாஹா, அனுபம் ரே ஆகியோர் 2021-இல் ஆராய்ந்தனர். தம்முள் மோதி அழியாத கரும்பொருள் துகள்கள் நியூட்ரான் விண்மீனின் மையத்தில் சேர்ந்துகொண்டே போனால், அங்கே குட்டிக் கருந்துளை உருவாகி விண்மீனை உள்ளிருந்தே விழுங்கிவிடும். மிஞ்சுவது ஏறத்தாழ அந்த விண்மீனின் எடையே கொண்ட, வழக்கத்தைவிட இலேசான கருந்துளை.

கரும்பொருள் துகள்களே திரண்ட போசான் விண்மீன்களும் கருத்தளவில் உண்டு. இவற்றையெல்லாம் பிரித்தறிய ஈர்ப்பலைகள் உதவும். இரண்டு பொருள்கள் நெருங்கிச் சுழலும்போது எழும் அலையிலிருந்து அவற்றின் எடை தெரியும். நியூட்ரான் விண்மீன் துணையின் இழுப்பில் உருக்குலையும், கருந்துளை உருக்குலையாது. குலுக்கப்பட்ட கருந்துளை, அடித்த மணியின் ஓசை போல அதிர்ந்து அடங்கும் என்று இயற்பியலர் சி.வி. விஸ்வேஸ்வரா 1970-இல் காட்டினார். போசான் விண்மீனின் அதிர்வு வேறு விதமாக இருக்கும்.

2020 வரை நடந்த மூன்று சுற்று ஈர்ப்பலைத் தேடல்களில் சூரியனைவிட இலேசான கருந்துளை எதுவும் உறுதியாகவில்லை. அதனால் கரும்பொருளில் இத்தகைய கருந்துளைகளின் பங்குக்கு மேல்வரம்பு கிடைத்திருக்கிறது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் அமையவுள்ள லிகோ-இந்தியா ஈர்ப்பலை நிலையம், இத்தகைய அலை எத்திசையிலிருந்து வந்தது என்பதை மேலும் துல்லியமாகக் கணிக்க உதவும்.