லாஸ் ஏஞ்சலஸ் கொடுத்த தவணை

டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கொரோனா காலத்தில் அமெரிக்காவில் வாடகையே தர வேண்டாம் என்று சட்டம் போட்டார்களாமே என்று இன்றும் கேட்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். அந்த நகரம் போட்ட சட்டம் ஒரு டாலர் வாடகையைக்கூடத் தள்ளுபடி செய்யவில்லை. பாக்கி அப்படியே நின்றது. பாக்கிக்காக ஆளை வெளியேற்றுவதைத்தான் நிறுத்தி வைத்தார்கள்.

2020 மார்ச் 15 அன்று மேயர் எரிக் கார்செட்டி முதல் உத்தரவைப் போட்டார். மறுநாளே ஆளுநர் கவின் நியூசமும் ஓர் உத்தரவு போட்டார். கலிஃபோர்னியாவில் வீட்டைக் காலி செய்ய வைக்கும் வழக்கு எப்படி நடக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மாநிலச் சட்டம். நகரங்கள் அதில் ஓர் எல்லைக்கு மேல் கைவைக்க முடியாது. அந்தத் தடையை ஆளுநர் தற்காலிகமாக விலக்கினார். மாத இறுதிக்குள் நகர மன்றம் சட்டமே நிறைவேற்றிவிட்டது.

அதில் இருந்தது இதுதான். தொற்றால் வருமானம் இழந்து வாடகை கட்ட முடியாதவரை வெளியேற்றக் கூடாது. நெருக்கடி நிலை முடிந்த பிறகு பாக்கியைக் கட்ட 12 மாத அவகாசம். வட்டி கிடையாது, தாமதக் கட்டணம் கிடையாது. குடியிருப்பவர் மேல் தவறே இல்லாதபோது, உரிமையாளரின் சொந்தத் தேவைக்காகக் காலி செய்யச் சொல்வதும் கூடாது. தொற்றின் காரணமாக உறவினர் யாராவது வந்து தங்கினால் அதையும் குற்றமாகச் சொல்ல முடியாது. இந்தக் கடைசி விதியை எழுதியவருக்கு ஏழை வீடுகளைப் பற்றித் தெரிந்திருக்கிறது என்பது என் எண்ணம். வீட்டை இழந்தவர் தெருவுக்கு முன்னால் போவது அண்ணன் வீட்டுக்கோ அக்கா வீட்டுக்கோதான். ஓர் அறையில் ஆறு பேர் என்றானால் கிருமிக்கு வேறு வழியே வேண்டாம். 2020 கோடையில் இத்தகைய வெளியேற்றத் தடையை விலக்கிக்கொண்ட 27 மாநிலங்களை ஆராய்ந்தவர்கள், அதனால் கூடுதலாக ஏறத்தாழ 10,700 பேர் இறந்திருக்கலாம் என்று கணித்தார்கள்.

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறேன், பொறுமையாகக் கேளுங்கள். இந்தப் பாதுகாப்பு தானாக வந்து நிற்காது. உரிமையாளர் நோட்டீஸ் கொடுக்கலாம், வழக்கும் போடலாம். கோர்ட்டில் போய், ‘எனக்கு இந்தச் சட்டம் பொருந்தும்’ என்று குடியிருப்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். சம்மன் கையில் கிடைத்தால் பதில் சொல்ல அன்று இருந்த அவகாசம் ஐந்து வேலை நாள். பதில் போகவில்லையென்றால் அவர் இல்லாமலேயே தீர்ப்பாகிவிடும். அடுத்து ஷெரிஃப் வந்து கதவைத் தட்டுவார். தொடக்கத்தில், 2020 ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை, பெரும்பாலான வழக்குகளில் நீதிமன்றங்கள் சம்மனே அனுப்பவில்லை என்பதால் பலர் தப்பினார்கள். அதற்குப் பிறகு மாநிலச் சட்டம் ஒன்று வந்தது. நோட்டீஸ் வந்த 15 வேலை நாளுக்குள், தொற்றால் வருமானம் போயிற்று என்று கையெழுத்திட்டுத் திருப்பித் தர வேண்டும். ஒரு தாள், ஒரு கையெழுத்து. இரண்டு வேலை பார்த்து, ஆங்கிலம் சரளமாக வராத ஒரு குடும்பத்துக்கு அந்தத் தாளின் அருமையை யார் எடுத்துச் சொல்வது? சட்டம் எழுதிய அக்கறையில் பாதியாவது அதை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் இருந்திருக்க வேண்டும்.

உரிமையாளர் பக்கமும் நியாயம் உண்டு. இரண்டு, மூன்று வீடு வைத்து அந்த வாடகையில் வங்கிக் கடன் கட்டுபவருக்குச் சொத்துவரி யாரும் நிறுத்தவில்லை. வாடகை உதவிக்கென மத்திய அரசு ஒதுக்கிய ஏறத்தாழ 4,600 கோடி டாலர் 2021இல்தான் இறங்கத் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் முதலில் பாக்கியில் 20 சதவீதத்தை உரிமையாளர் விட்டுக்கொடுத்தால் மீதி 80 சதவீதம் என்றார்கள். பிறகு முழுத் தொகையும் தருவதாக மாற்றினார்கள். தடையோடு சேர்ந்தே இந்தப் பணம் வந்திருந்தால் இரு தரப்பும் கோர்ட் வாசலில் எதிரெதிரே நின்றிருக்க வேண்டியதில்லை.

நகரச் சட்டத்தை எதிர்த்து உரிமையாளர் சங்கம் வழக்குப் போட்டது. 2021 ஆகஸ்ட் 25 அன்று ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்துக்கு இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. மறுநாளே உச்ச நீதிமன்றம், நாடு முழுவதற்கும் மத்திய அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் போட்டிருந்த வெளியேற்றத் தடையை நிறுத்திவிட்டது. அந்த மையத்துக்கு அவ்வளவு அதிகாரத்தை நாடாளுமன்றம் கொடுக்கவில்லை என்பது காரணம். வாஷிங்டன் விரித்த குடை மடங்கிய பிறகும் நகரம் பிடித்த குடை நின்றது, 2023 ஜனவரி 31 வரை.

அதற்குப் பிறகு கணக்குத் தீர்க்கும் காலம். 2021 செப்டம்பர் வரையிலான பாக்கிக்கு 2023 ஆகஸ்ட் 1 கெடு. அதன் பிந்தைய பாக்கிக்கு 2024 பிப்ரவரி 1. தடை முடியும் தறுவாயில் நகர மன்றம் நிரந்தர விதிகள் சிலவற்றையும் கொண்டுவந்தது. அவற்றில் ஒன்று: அந்த வட்டாரத்துக்கு அரசு கணித்திருக்கும் ஒரு மாத நியாய வாடகையைத் தாண்டாத பாக்கிக்காக யாரையும் வெளியேற்ற முடியாது.