பேரனின் பந்தயக் காரும் தாத்தாவின் எண்ணெய்ப் பாடமும்



நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே, தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர் உதியன்குளங்கரை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லை பிரித்தபோது பக்கத்து விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. ஆகவே எங்களுக்குக் கடைவீதியில் மலையாளம், அடுக்களையில் தமிழ். 1979-ல் திருவனந்தபுரம் – கன்னியாகுமரி ரயில் பாதை இந்த வழியாகத் திறந்தபோது நான் டிப்ளமா முடித்த வாலிபன். பிறகு ரயில்வேயில் சேர்ந்து, பெரும்பகுதி டீசல் ஷெட்டிலேயே எண்ணெயோடும் கிரீஸோடும் காலம் கழித்து ஓய்வு பெற்றேன். அந்த அனுபவம் என்னை எப்படி ஏமாற்றியது, பிறகு எப்படிக் காப்பாற்றியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் ரிமோட் கார் வைத்திருக்கும் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

என் மகன் குடும்பத்தோடு ஷார்ஜாவில் இருக்கிறான். பதினான்கு வயதுப் பேரன் சென்ற கோடை விடுமுறைக்கு வந்தபோது பெட்டியில் துணிமணியை விட அதிக இடத்தை ஒரு கார் பிடித்திருந்தது. ரேடியோ அலையால் இயங்கும் ‘பக்கி’ என்னும் மண்தரைப் பந்தயக் கார். உண்மைக் காரில் எட்டில் ஒரு பங்கு அளவு. இரண்டு வருடம் பெருநாள் பணம் சேர்த்து வாங்கியது. ஆனால் கலந்துகொண்ட மூன்று பந்தயத்திலும் திருப்பங்களில் பின்பக்கம் வழுக்கிச் சுழன்று கடைசியில் வந்திருக்கிறான். “செப்டம்பர்ப் பந்தயத்திலும் இப்படியென்றால் விற்றுவிட வேண்டியதுதான்” என்று அவன் அப்பா சொல்லியனுப்பியிருந்தான். பையன் முகத்தில் சிரிப்பே இல்லை.

டிஃபரன்ஷியல் எதற்கு?

கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தை விட அதிக தூரம் ஓட வேண்டும். பேரனின் பக்கியில் இரு சக்கரங்களுக்கும் இடைவெளி சுமார் 26 சென்டிமீட்டர். ஒரு செங்கோணத் திருப்பத்தில் இரண்டுக்கும் உள்ள தூர வித்தியாசம் சுமார் 41 சென்டிமீட்டர். வளைவு பெரியதோ சிறியதோ, கணக்கு இதுதான். அதன் டயரின் சுற்றளவோ 36 சென்டிமீட்டர்தான். அதாவது ஒவ்வொரு முக்கிலும் வெளிச்சக்கரம் ஒரு முழுச் சுற்றுக்கும் மேல் கூடுதலாக உருள வேண்டும். அதற்கு வழி செய்வதுதான் டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கரப் பெட்டி. 1827-ல் பிரான்சு நாட்டு பெக்கர் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

“ரயிலுக்கும் உண்டா தாத்தா?” என்று கேட்டான் பேரன். இல்லை. ரயில் சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கி ஏற்றப்பட்டவை. ஆனால் சக்கரத்தின் விளிம்பு தட்டையாக இராது. 20-க்கு 1 என்ற சரிவில் கடைந்திருக்கும். வளைவில் அச்சு வெளிப்பக்கம் சற்று நகரும்போது வெளிச்சக்கரம் தன் பெரிய விட்டத்திலும், உட்சக்கரம் தன் சிறிய விட்டத்திலும் உருளும். கடும் வளைவில் அந்தச் சரிவும் போதாது. அப்போதுதான் சக்கரம் கிறீச்சிடுகிறது. இதைக் கேட்டபோதுதான் அவன் முதன்முதலாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

நான் செய்த தவறு

பக்கியில் முன், நடு, பின் என மூன்று டிஃபரன்ஷியல்கள். மூன்றையும் கழற்றிப் பார்த்தோம். உள்ளே இருந்த எண்ணெய், உலோகத்தூள் கலந்து சாம்பல் நிறமாகியிருந்தது. நான் யோசிக்கவே இல்லை. ‘கியர் பெட்டிக்குக் கியர் ஆயில்தானே’ என்று, பக்கத்து ஜீப் ஒர்க்‌ஷாப்பில் 90-ஆம் நம்பர் கியர் ஆயில் வாங்கி வந்து மூன்றிலும் ஊற்றினேன். ரயில் எஞ்சினின் மோட்டார் கியர் பெட்டிக்குத் தாரைப் போன்ற கார்டியம் காம்பவுண்டை நிரப்பிய கை அல்லவா! பேரன் தயங்கினான். “தாத்தா சொன்னால் சரிதான் மக்ளே” என்று வாயை அடைத்தேன்.

மரச்சீனி பிடுங்கிய எங்கள் விளையில் ஓட்டிப் பார்த்தோம். சுழல்வது நின்றது, உண்மைதான். ஆனால் கார் நகரவே சோம்பியது. திருப்பத்தில் உட்சக்கரம் காற்றில் விசிறிபோல் சுற்றிற்று. நான்காம் நாள் பெட்டிகளில் எண்ணெய் கசிந்தது. திறந்தால், அச்சைச் சுற்றியிருந்த ரப்பர் வளையங்கள் ஊறி உப்பி, பள்ளத்தில் உட்காராமல் பிதுங்கிக் கிடந்தன. பேரன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான். திட்டியிருந்தால் கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

எண்கள் சொல்வது என்ன?

அன்றிரவு பேரனையே பக்கத்தில் உட்கார வைத்து, அவன் கொண்டுவந்த கையேட்டை முறையாகப் படித்தேன். விஷயம் இதுதான். சாதாரண காரில் எண்ணெயின் வேலை பற்களைக் காப்பது. பந்தய பக்கியில் எண்ணெயின் முக்கிய வேலை தடுப்பது. பெட்டிக்குள் சிறு பற்சக்கரங்கள் கெட்டியான திரவத்தைக் கலக்கிக்கொண்டு சுற்ற வேண்டியிருப்பதால், ஒரு சக்கரம் மட்டும் கட்டுக்கடங்காமல் சுற்ற முடியாது. எவ்வளவு கெட்டியோ, அவ்வளவு தடை.

இந்தக் கெட்டித் தன்மையை, அதாவது பாகுநிலையை, சென்டிஸ்டோக் என்ற அளவால் குறிக்கிறார்கள். தண்ணீர் 1, விளக்கெண்ணெய் 20 டிகிரி வெப்பத்தில் சுமார் 1000. பக்கியின் டிஃபரன்ஷியலுக்கு உள்ளவை 1000, 3000, 5000, 7000, 10000 என்று வரும் சிலிக்கான் எண்ணெய்கள். நான் ஊற்றிய 90-ஆம் நம்பர் எண்ணெயோ நம் ஊர் வெயிலில் சில நூறு சென்டிஸ்டோக்தான்! 90 என்பது வேறொரு அளவுமுறையின் எண். இதோடு ஒப்பிடவே கூடாது.

சிலிக்கான் எதற்கு என்றால், சூட்டில் அது அதிகம் இளகாது. 40 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது சாதாரண கியர் எண்ணெய் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இளகிவிடும். சிலிக்கான் எண்ணெயில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கு மிஞ்சும். தவிர, பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய் சிலிக்கான் ரப்பர் வளையங்களை உப்ப வைக்கும். என் தவறு இரண்டும் அங்கே தெளிவாயின.

“கருப்பட்டி காய்ச்சும்போது பாட்டி பதம் பார்ப்பாளே, அதேதான் மக்ளே. பதநீர் ஒன்று, கம்பிப் பாகு ஒன்று. எந்த இடத்துக்கு எந்தப் பதம் என்பதுதான் கேள்வி” என்றேன். சிரித்துவிட்டான்.

எதில் எந்தப் பதம்?

முன்பக்கம்: இளகிய எண்ணெய் ஊற்றினால் வேகம் குறைத்துத் திருப்பத்தில் நுழையும்போது கார் நன்றாக வளையும், சில சமயம் துள்ளும். கெட்டி எண்ணெய் நுழைவில் வளைவைக் குறைக்கும். ஆனால் வேகம் கொடுக்கும்போது முன்சக்கரங்கள் காரை நேராக இழுத்துச் செல்லும்.

நடு: வேகம் கொடுத்ததும் பாரம் பின்னால் சாய்ந்து முன்பக்கம் லேசாகும். நடுவில் இளகிய எண்ணெய் இருந்தால் முன்சக்கரங்கள் வீணாகச் சுற்றும். பாய்ச்சல் குறையும், வழுக்கும் தரையில் அது நல்லதே. கெட்டி எண்ணெய் பாய்ச்சலைக் கூட்டும். ஆனால் பின்பக்கம் வழுக்க வாய்ப்பு அதிகம்.

பின்பக்கம்: இளகியது திருப்பத்தில் பிடிப்பைத் தரும். மிகவும் இளகினால் உட்சக்கரம் வீணாகச் சுற்றும். கெட்டியானது இரு சக்கரங்களையும் சேர்த்துத் தள்ளும். எல்லை மீறினால் திடீரென்று வால் சுழலும்.

பேரனின் நோய் இப்போது புரிந்தது. ‘கெட்டி என்றால் பலம்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பின்பக்கம் 10000 ஊற்றியிருந்தான். பலரும் தொடங்குவது முன் 5000, நடு 5000, பின் 3000 என்ற கணக்கில். புது வளையங்களையும் எண்ணெய்களையும் பெங்களூரிலிருந்து கூரியரில் வரவழைத்தோம். செலவு என்னுடையது, அபராதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊற்றும் முறை

1. பெட்டியைப் பழைய எண்ணெய் போகக் கழுவி, கடைசியில் ஸ்பிரிட்டால் துடைத்து உலர விடவும்.

2. உள்ளிருக்கும் குறுக்கு ஊசி மூழ்கும் வரை மட்டும் ஊற்றவும். 50 டிகிரி சூடேறினால் சிலிக்கான் எண்ணெய் சுமார் 5 சதவீதம் விரியும். இடம் விடாவிட்டால் கசியும்.

3. காற்றுக் குமிழ்கள் மேலேறி உடைய அரைமணி நேரம் காத்திருக்கவும்.

4. மூடியின் திருகுகளை எதிர் எதிராக, சிறிது சிறிதாக முறுக்கவும்.

5. ஒரே கம்பெனி எண்ணெயையே தொடர்ந்து வாங்கவும். கம்பெனிக்குக் கம்பெனி எண் ஒன்றாயிருந்தாலும் பதம் மாறும்.

6. 3000-ஐயும் 5000-ஐயும் பாதிப் பாதி கலந்தால் 4000 வராது. சற்றுக் குறைந்து சுமார் 3900 வரும்.

7. ஒரு தடவைக்கு ஒரு பெட்டியை மட்டும் மாற்றி, ஓட்டி, குறித்து வைக்கவும்.

இந்த ஏழாவதுதான் தலையாயது. டீசல் ஷெட்டில் எந்த எண்ணெய் எந்தத் தேதியில் மாற்றினோம் என்று பதியாமல் எஞ்சினை வெளியே விடமாட்டோம். வீட்டிலே அந்தப் பழக்கத்தைக் கைவிட்டேன்; பலனை அனுபவித்தேன். பேரனுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பத்துச் சுற்று. நான் கைக்கடிகாரத்தில் நேரம் பார்க்க, அவன் எழுதினான். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியுமே தவிர எழுதிப் பழகாதவன், ‘முன்’, ‘நடு’, ‘பின்’ என்று தலைப்பிட்டுக் கட்டம் போட்டான். நான் கேட்கவில்லை; அந்தச் சொற்கள் சின்னதாக இருந்ததால் கட்டத்துக்குள் அடங்கின என்றான்.

செப்டம்பரில் ஷார்ஜாவிலிருந்து போன் வந்தது. முதல் பரிசு எதுவும் இல்லை. பன்னிரண்டு பேரில் ஆறாவது. ஆனால் ஒரு தடவை கூடச் சுழலவில்லையாம். அங்கே வெயில் கடுமை என்பதால் நடுவில் மட்டும் 7000 ஆக்கி, நோட்டிலும் எழுதியிருக்கிறான். “பதம் சரியா இருந்துது தாத்தா” என்றான். காரை விற்கும் பேச்சு இப்போதைக்கு இல்லை என்று மகனும் சொன்னான்.

மிச்சமிருந்த 90-ஆம் நம்பர் ஆயிலை ஒர்க்‌ஷாப்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த உப்பிய ரப்பர் வளையங்களில் ஒன்றை மட்டும் மேசை மேல் வைத்திருக்கிறேன். தெரிந்த வேலைதானே என்று கை முந்தும்போது அதைப் பார்த்துக்கொள்வேன்.