டப்பாவோட இருந்தாதான் மதிப்பு: வெள்ளி நாணயம் வாங்க, விற்க, பாதுகாக்க

இப்போ திரையில நீங்க பாக்குறது கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய் நாணயம். 2024 ஆகஸ்ட் 18-ம் தேதி சென்னை கலைவாணர் அரங்கத்துல ராஜ்நாத் சிங் வெளியிட்டாரே, அதுதான். எடை 35 கிராம், விட்டம் 44 மில்லிமீட்டர். இதுல பாதிதான் வெள்ளி. மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். ஆக, 17.5 கிராம் வெள்ளி. அன்னைக்கு இருந்த வெள்ளி ரேட்டுக்கு அது ரெண்டாயிரம் ரூபாய்கூட வராது. ஆனா திமுக தலைமையகமான அறிவாலயத்துல ஒரு நாணயம் 10,000 ரூபாய்க்குப் போச்சு.

அந்த வித்தியாசம் எங்கே இருக்குன்னு புரிஞ்சுக்கிட்டா, இந்த விஷயத்துல பாதி தெரிஞ்ச மாதிரி. யாரை நினைவுபடுத்துற நாணயம்ங்கிறது ஒண்ணு. இன்னொண்ணு, அரசு நாணயச்சாலையில இருந்து வந்தது அப்படியே, கை படாம, டப்பாவோட இருக்குதாங்கிறது. நாணயத்தைச் சாய்ச்சுப் பாருங்க. பின்னணி கண்ணாடி மாதிரி மின்னுது, உருவம் மட்டும் வெள்ளையா பனி படிஞ்ச மாதிரி நிக்குது. இதை ‘ப்ரூஃப்’னு சொல்வாங்க. பாலிஷ் போட்ட அச்சுல ஒண்ணுக்கு மேல தடவை அடிச்சு எடுக்குறது. ஒரு விரல் ரேகை பட்டா போதும், அந்தக் கண்ணாடிப் பரப்புல அது நிரந்தரமா தங்கிடும்.

டப்பாவோட இருந்தா விலை கூடும்ங்கிறதுக்கு அமெரிக்காவுல ஒரு பெரிய உதாரணம் இருக்கு. நெவாடா மாநிலத்துல கார்சன் சிட்டி நாணயச்சாலையில அடிச்ச பழைய வெள்ளி டாலர்கள் லட்சக்கணக்குல கருவூலத்துல தூங்கிக்கிட்டிருந்துச்சு. 1972-ல இருந்து 1980 வரைக்கும் அரசாங்கமே அதைக் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில போட்டு வித்துச்சு. இன்னைக்கும் அந்தப் பெட்டியோட வர்ற டாலருக்குன்னு தனிக் கூட்டம் இருக்கு, கூடுதல் விலையும் குடுக்குறாங்க.

நம்ம ஊர்ல வாங்குறவங்க முதல்ல பாக்க வேண்டியது அரசு நாணயச்சாலையோட இணையதளம். புது வெளியீடுகளை அங்கேயே முன்பதிவு செய்யலாம். வந்து சேர மாசக்கணக்குல ஆகலாம், பொறுமை வேணும். பழைய வெளியீடுன்னா வியாபாரிங்ககிட்டதான் போகணும். தஞ்சைப் பெரிய கோயிலோட ஆயிரமாவது ஆண்டுக்காகப் போட்ட 1000 ரூபாய் நாணயத்தை எடுத்துக்குங்க. அதுவும் 35 கிராம்தான், ஆனா 80 சதவீதம் வெள்ளி. தமிழ்நாட்டுல இதுக்கு என்னைக்குமே கிராக்கி இருக்கு.

தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் இருக்கிறவங்க பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போயிருப்பீங்க. தரையில துணி விரிச்சு, பழைய சாவி, கடிகாரம், நாணயம் எல்லாம் கலந்து வச்சிருப்பாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அது. ஆனா அங்க போகும்போது பாக்கெட்ல ஒரு சின்ன டிஜிட்டல் தராசும் ஒரு காந்தமும் இருக்கணும். காந்தத்துல ஒட்டுனா வச்சிட்டு வந்துடுங்க. ஒட்டலைன்னா எடை போடுங்க. விக்டோரியா காலத்து ஒரு ரூபாய்னா 11.66 கிராம். தேய்ஞ்சிருந்தா கொஞ்சம் குறையலாம், கூடவே கூடாது. மலேயா, சிங்கப்பூர் போய் வந்த குடும்பங்கள்ல பிரிட்டிஷ் டிரேட் டாலர் இருக்கும், கையில சூலம் வச்சு நிக்கிற பெண் உருவத்தோட. அது 1895-ல இருந்து பெரும்பாலும் பம்பாய் நாணயச்சாலையில அடிச்சது, 26.95 கிராம், 90 சதவீதம் வெள்ளி. இதுல போலி ஏராளம். சந்தேகம் வந்தா வாங்காதீங்க. மெட்ராஸ் காயின் சொசைட்டியில விஷயம் தெரிஞ்சவங்க இருக்காங்க, அவங்ககிட்ட காட்டிட்டு வாங்கலாம்.

இன்னொரு விஷயம், நூறு வருஷம் தாண்டின நாணயம் சட்டப்படி தொல்பொருள். உள்நாட்டுல வச்சுக்கலாம், விக்கலாம். வெளிநாட்டுக்கு அனுப்புறது குற்றம்.

இப்போ பாதுகாப்பு. இங்கதான் நம்ம வீடுகள்ல நாணயம் பாழாகுது. வெள்ளிக் குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி விபூதி, புளி, பேஸ்ட் போட்டு நாணயத்தைத் தேய்ச்சுடுறாங்க. பளபளன்னு ஆகும், விலை பாதியாகும். மேல படிஞ்ச கருமை காத்துல இருக்கிற கந்தகத்தால வர்றது, அதை அப்படியே விட்டுடணும். ப்ரூஃப் நாணயத்தை அது இருக்கிற கண்ணாடி மாதிரி வட்டக் கூட்டை விட்டு வெளியே எடுக்கவே வேண்டாம். எடுத்தே ஆகணும்னா, கையுறை போட்டு விளிம்பை மட்டும் பிடிங்க, கீழே மெத்துன்னு துணி விரிச்சு வச்சுக்குங்க.

ஒரு சிக்கல் இருக்கு. சில பழைய டப்பாக்கள்ல இருக்கிற நுரை, அட்டை, துணியே காலப்போக்குல நாணயத்தைக் கறுக்க வைக்கும். அதுக்காக டப்பாவைத் தூக்கிப் போட்டுடாதீங்க. நாணயத்தைக் காத்துப் புகாத நல்ல கூட்டுல தனியா வச்சு, பழைய டப்பாவையும் அதோட வந்த சான்றிதழையும் பக்கத்துலயே வைங்க. விக்கும்போது மூணும் சேர்ந்து போகணும். ரப்பர் பேண்ட், செய்தித்தாள், அந்துருண்டை எதுவும் பக்கத்துல கூடாது. மலிவான பிவிசி கவர்ல வச்சா பச்சையா பிசுபிசுன்னு படியும்.

2015 டிசம்பர் வெள்ளம் முடிச்சூர், மேற்கு தாம்பரம் ஆளுங்களுக்கு மறக்காது. அதனால பீரோவுல கீழ்த்தட்டு வேண்டாம், மேல்தட்டுதான். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, ஐப்பசி பொறக்கிறதுக்கு முன்னாடி மாத்திடுங்க.

விக்கிறப்போ நகைக்கடைக்கோ அடகுக்கடைக்கோ கொண்டு போனா, கையில வாங்கின உடனே உரைகல்லுல விளிம்பை ஒரு இழுப்பு இழுப்பாங்க. அந்த ஒரு கோட்டுல சேகரிப்பு மதிப்பு போயிடும், வெள்ளி விலைதான் மிஞ்சும். உரசக் கூடாதுன்னு முதல்லயே சொல்லிடுங்க. உருக்கச் சொல்லிக் குடுக்கவும் கூடாது. 2011 நாணயச் சட்டப்படி செல்லுபடியாகுற நாணயத்தை உருக்குறது குற்றம். சேகரிப்பாளர்கிட்ட விக்கிறதுதான் நல்லது. கூட்டோட முன்பக்கம், பின்பக்கம், டப்பா, சான்றிதழ் எல்லாத்தையும் பகல் வெளிச்சத்துல படம் எடுத்து அனுப்புங்க. கீறல் இருந்தா மறைக்காதீங்க.

கடைசியா ஒண்ணு. உங்க பழைய நாணயத்துக்கு லட்சக்கணக்குல தர்றோம், முதல்ல வரி கட்டுங்க, கமிஷன் கட்டுங்கன்னு ரிசர்வ் வங்கி பேர்ல யாராவது கூப்பிட்டா, அது மோசடி. அப்படி எந்த வேலையும் தாங்க செய்யலைன்னு ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்ல அறிவிச்சிருக்கு. ஒரு ரூபாய்கூட அனுப்பாதீங்க. ஏற்கெனவே அனுப்பிட்டீங்கன்னா தயங்காம உடனே 1930-க்கு போன் பண்ணுங்க.