மலிவான வட்டியும் மாறும் நாணயமும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

'அகலக் கால் வைக்காதே' என்று நம் வீட்டுப் பெரியோர் சொல்லாத நாளில்லை. ஆனால் உலகப் பணச் சந்தையில் அகலக் கால் வைப்பதே ஒரு தொழிலாக நடைபெறுகிறது என்றால் நம்புவீர்களா? ஒரு காலை ஒரு நாட்டிலும் மறு காலை வேறொரு நாட்டிலும் வைத்துச் செய்யும் அந்த வணிகத்தைப் பற்றி இங்கே காண்போம்.

வட்டி விகிதம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜப்பானில் பல ஆண்டுகளாக விலைவாசி ஏறவில்லை. மக்கள் செலவு செய்யத் தயங்கினர். எனவே அந்நாட்டு மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்தை ஒட்டியே வைத்திருந்தது. 2016 முதல் 2024 மார்ச் வரை அது பூஜ்யத்துக்கும் கீழே இருந்தது. அமெரிக்காவிலோ 2024ஆம் ஆண்டின் நடுவில் வட்டி 5 சதவிகிதத்துக்கு மேல். ஜப்பானிய யென்னைக் கடனாக வாங்கி, டாலராக மாற்றி, அமெரிக்காவில் முதலீடு செய்தால் இலாபந்தானே? இதனையே 'கேரி டிரேட்' என்பர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டாலர் 160 யென்னாக இருக்கையில் ஒருவர் 10,00,000 யென் கடன் வாங்குகிறார். அது 6,250 டாலராகும். 5 சதவிகித வட்டியில் ஓராண்டில் அது 6,562.50 டாலராகிறது. அவருடைய கடனுக்கு வட்டி கால் சதவிகிதமே. ஆகவே திருப்பித் தர வேண்டியது 10,02,500 யென். டாலரின் விலை மாறாதிருந்தால் அவர் கைக்கு 10,50,000 யென் வரும். கடனை அடைத்த பின் 47,500 யென் மிச்சம். சொந்தப் பணம் ஒரு காசும் போடவில்லை!

ஆனால் யென்னின் மதிப்பு கூடி, ஒரு டாலருக்கு 142 யென் மட்டுமே கிடைத்தால்? அவர் கைக்கு வருவது 9,31,875 யென். கடனைத் தீர்க்க இன்னும் 70,625 யென் வேண்டும். ஓராண்டு வட்டி இலாபம் முழுவதும் போய், கையிலிருந்தும் கொடுக்க நேரிடுகிறது.

இது வெறும் கற்பனைக் கணக்கு அன்று. 2024 ஜூலைத் தொடக்கத்தில் ஒரு டாலர் 160 யென்னுக்கு மேல் விற்றது. ஜூலை 31 அன்று ஜப்பானிய மத்திய வங்கி வட்டியைக் கால் சதவிகிதமாக உயர்த்தியது. அமெரிக்காவிலும் தொழில் மந்தமாகும் என்ற அச்சம் எழுந்தது. கடன் வாங்கியவர்கள் யாவரும் ஒரே நேரத்தில் கடனை அடைக்க யென்னைத் தேடி ஓடினர். பலரும் வாங்க வாங்க யென்னின் விலை மேலும் ஏறியது; அது ஏற ஏற மேலும் பலர் அஞ்சி ஓடினர். ஆகஸ்டு 5 அன்று டாலர் 142 யென் அளவுக்கு இறங்கியது. அன்று ஒரே நாளில் ஜப்பானியப் பங்குச் சந்தைக் குறியீடு 12 சதவிகிதத்துக்கு மேல் வீழ்ந்தது. மறுநாளே 10 சதவிகிதம் மீண்டும் ஏறியது. பெரிய வணிகர் நட்டத்தை எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தனர்.

எளிய குடும்பங்கள் இவ்வாறு கடன் வாங்கினால் என்ன ஆகும்? இதற்கு ஹங்கேரி நாடு சான்று. ஏழைகளுக்கு உணவளித்த புனித எலிசபெத்தம்மாள் அந்நாட்டு இளவரசியே என்பதை நாம் அறிவோம். 2008ஆம் ஆண்டின் நடுவில் அங்கே மத்திய வங்கியின் வட்டி 8.5 சதவிகிதம், சுவிட்சர்லாந்திலோ 2.75 சதவிகிதம். ஆகவே சொந்த வீடு வேண்டிய எண்ணற்ற குடும்பங்கள் சுவிஸ் பிராங்குக் கணக்கில் கடன் வாங்கியிருந்தன. மாதச் சம்பளமோ ஹங்கேரியின் போரிண்ட் நாணயத்தில்.

அப்போது ஒரு பிராங்கு சுமார் 150 போரிண்ட். 1,00,000 பிராங்கு கடன் என்றால் ஒன்றரைக் கோடி போரிண்ட். உலகப் பண நெருக்கடிக்குப் பின், 2011இல் ஒரு பிராங்கு 250 போரிண்டையும் தாண்டியது. அதே கடன் இரண்டரைக் கோடியாயிற்று! தவணை தவறாமல் கட்டிய தாய் தந்தையருக்கும், கட்டக் கட்டக் கடன் வளர்வதுபோல் தோன்றியது. வணிகர் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறலாம். குடியிருக்கும் வீட்டை விட்டுக் குடும்பம் எங்கே போகும்?

2014 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் ஹங்கேரி வழக்கொன்றில் முக்கியமான ஒன்றைக் கூறியது. ஒப்பந்தத்தின் சொற்கள் இலக்கணப்படி புரிந்தால் மட்டும் போதாது. அதனால் தமக்கு நேரக்கூடிய பொருளாதார விளைவையும் கடன் வாங்குபவர் உணரக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே அது. அவ்வாண்டு நவம்பரில் ஹங்கேரி அரசு சட்டமியற்றி, பிராங்குக்கு ஏறத்தாழ 256 போரிண்ட் வீதம் அவ்வீட்டுக் கடன்களை உள்நாட்டு நாணயத்துக்கு மாற்றியது. நல்லவேளை! 2015 ஜனவரி 15 அன்று பிராங்கு திடீரென உயர்ந்து 300 போரிண்டைத் தாண்டியது. போலந்தில் பிராங்குக் கடன் வாங்கியோருக்கு அந்தப் பாதுகாப்புக் கிட்டவில்லை.

இதிலிருந்து நாம் அறிவது யாது? வட்டி குறைவு என்பதாலேயே ஒரு கடன் மலிவானது ஆகாது. எந்த நாணயத்தில் சம்பாதிக்கிறோமோ அந்த நாணயத்தில் கடன் வாங்குவதே குடும்பத்துக்குப் பாதுகாப்பு. நம் தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு: ஒன்று பணம், மற்றொன்று நேர்மை. கடன் கொடுப்பவர் அபாயத்தை ஒளிக்காமல் சொல்வதும், வாங்குபவர் விளங்கும்வரை கேட்டறிந்த பின்னரே கையொப்பமிடுவதும் நாணயமே. நாளை நம் வீட்டுக் கணக்கை ஏற்கப்போகும் மாணவியராகிய நாம் அந்த இரண்டாம் நாணயத்தை இன்றே சேமிப்போமாக!