பழைய ஸ்மோக்கர்: பார்க்க வேண்டியது தகட்டை

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பல வீடுகளின் கொல்லையில், கால் வைத்த நீண்ட இரும்பு உருளை ஒன்றைப் பார்க்கலாம். ஒரு முனையில் சற்றுத் தாழ்வாக ஒரு நெருப்புப் பெட்டி, மறுமுனையில் புகைபோக்கி. இதுதான் ஆஃப்செட் ஸ்மோக்கர். விறகு பெட்டியில் எரியும். இறைச்சி உருளைக்குள் கம்பித்தட்டில் கிடக்கும். தீ நாக்கு இறைச்சியைத் தொடாது. வெப்பமும் புகையும் மட்டும் அதன் மேல் தவழ்ந்து வெளியேறும். பிரிஸ்கெட் எனப்படும் மாட்டு நெஞ்சுக்கறி, ஐந்தாறு கிலோ எடையுள்ள துண்டாக, 107 முதல் 135 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இதில் வேகும். இறைச்சியின் இணைப்புத் திசுக்களிலுள்ள கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாற அவ்வளவு நேரம் வேண்டும். அத்தனை மணி நேரமும் வெப்பம் ஏறி இறங்காமல் இருப்பதுதான் இந்தச் சாதனத்தின் வேலை. விற்பனைக்கு வரும் பழைய ஸ்மோக்கரை அந்த ஒரு வேலையை வைத்தே எடைபோட வேண்டும். அப்படிப் பார்த்தால், துருவேறிய கனத்த பழையது பளபளக்கும் மெல்லிய புதியதை வெல்வது வியப்பில்லை.

காரணத்தைக் கணக்கே சொல்லிவிடும். அரை மீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள உருளை, கால் அங்குலக் கனத்தில், அதாவது 6 மில்லிமீட்டர் சொச்சத்தில், சுவர் மட்டும் கிட்டத்தட்ட 78 கிலோ எடை இருக்கும். அதற்குள் அடங்கும் சூடான காற்றின் எடை 200 கிராம்கூட வராது. ஒவ்வொரு டிகிரிக்கும் அந்த இரும்பு சேமிக்கும் வெப்பம், காற்று சேமிப்பதைப்போல் 200 மடங்குக்கு மேல். இறைச்சியைப் பார்க்கக் கதவைத் திறந்தால் காற்று போய்விடும். சுவர் சூடாகவே இருக்கும். கதவை மூடிய சற்று நேரத்தில் வெப்பம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கனத்த தோசைக்கல்லில் மாவை ஊற்றினாலும் சூடு இறங்காததுபோல்தான் இதுவும். ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தகட்டுக்கு அந்தச் சேமிப்பு இல்லை. காற்று வீசினாலும் விறகு சற்றுத் தணிந்தாலும் உடனே வெப்பம் சரியும். சமைப்பவர் நாள் முழுக்கத் தீயோடு மல்லுக்கட்ட வேண்டும்.

கனத்த தகடு பழையவற்றில் அதிகம் கிடைப்பதற்கும் காரணம் உண்டு. டெக்சஸ், ஓக்லஹோமா எண்ணெய் வயல்களில் மிஞ்சிய குழாய்களையும் கைவிடப்பட்ட எரிவாயுத் தொட்டிகளையும் வெட்டிப் பற்றவைத்துத்தான் உள்ளூர் வெல்டர்கள் இவற்றைச் செய்தார்கள். ஆஸ்டின் நகரின் புகழ்பெற்ற ஃபிராங்க்ளின் பார்பிக்யூ உணவகத்தின் ஸ்மோக்கர்களும் 1000 காலன் புரோபேன் தொட்டிகளிலிருந்து உருவானவையே. பெரிய கடைகளுக்காகத் தொழிற்சாலைகள் செய்யத் தொடங்கியபோது, போக்குவரத்துச் செலவும் விலையும் குறையத் தகடு மெலிந்தது. ஒரே பெயரில் பழைய கனத்ததும் புதிய மெல்லியதும் சந்தையில் உலவுவதால், பெயர்ப்பலகையை நம்பி விலை பேசக் கூடாது. கதவின் ஓரத்தில் வெர்னியர் காலிப்பரை வைத்து அளந்து பாருங்கள்.

துருதான் வாங்குபவரை முதலில் மிரட்டும். இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருமனாகிறது. ஆகவே செதில் செதிலாக உதிர்வதைப் பார்த்துத் தகடே போய்விட்டது என்று முடிவுகட்டக் கூடாது. 6 மில்லிமீட்டரில் மேலே அரை மில்லிமீட்டர் கரைந்தாலும் கம்பித் தூரிகையும் வெப்பம் தாங்கும் பெயின்ட்டும் போதும். உண்மையான ஆபத்து நெருப்புப் பெட்டியின் அடித்தளத்தில். அள்ளாமல் விட்ட விறகுச் சாம்பல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இரும்பை அரிக்கும். சாம்பலை வாரிவிட்டு, மூலைகளையும் பற்றவைத்த ஓரங்களையும் ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திக் குத்துங்கள். சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். இற்றுப்போனது சத்தமில்லாமல் அமுங்கும். அடித்தளம் மட்டும் போயிருந்தால் வெல்டரிடம் புதுத் தகடு போட்டுக்கொள்ளலாம். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். உருளையே ஓட்டையானால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது காற்றோட்டம். இருட்டில் உள்ளே டார்ச்சை எரியவிட்டுக் கதவுகளை மூடினால் எங்கெல்லாம் இடைவெளி என்று தெரியும். சமைக்கும் அறையின் கதவோரம் கொஞ்சம் புகை கசிவதால் கெடுதல் இல்லை. வெப்பம் தாங்கும் கயிற்றை ஒட்டி அடைக்கலாம். நெருப்புப் பெட்டியின் கதவு வளைந்து காற்று தாராளமாகப் புகுந்தால்தான் சிக்கல். தீயை அடக்கவே முடியாது. விற்பவர் சம்மதித்தால் சிறு தீ மூட்டிப் பாருங்கள். புகை தங்குதடையின்றிப் புகைபோக்கியை நோக்கி இழுபட வேண்டும். காய்ந்த விறகு நன்றாகப் பற்றிய பிறகும் கெட்டியான வெண்புகை உள்ளேயே சுழன்றால் காற்றோட்டம் சரியில்லை என்று பொருள்; அந்தப் புகை இறைச்சியில் கசப்பாகப் படியும்.

கனத்த இரும்பைச் சூடாக்கவே விறகு தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். 78 கிலோ இரும்பை 100 டிகிரி உயர்த்தத் தேவையான வெப்பம், கால் கிலோ காய்ந்த விறகில் அடங்கியதுதான். பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணாவதால் நடைமுறையில் பல மடங்கு செலவாகும். ஆனாலும் அது தொடக்கத்தில் ஒருமுறை ஆகும் செலவு. அதேபோல், கனத்த தகடு விறகை மிச்சப்படுத்தும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். இரும்பு வெப்பத்தைக் கடத்தும் பொருள். கனம் கூடினால் வெப்ப நிலை சீராகும், வெளியே போகும் வெப்பம் பெரிதாகக் குறையாது. முன்பு யார் எதைச் சமைத்தார்களோ என்ற தயக்கத்துக்கும் வழி உண்டு: கொழுப்பைச் சுரண்டி, பெரிய தீயில் சுட்டு, எண்ணெய் பூசி மறுபடி பழக்கலாம். ஆனால் இரசாயனம் இருந்த தொட்டியில் செய்தது, துத்தநாகம் பூசிய பாகங்கள் தீயருகே உள்ளது, இந்த இரண்டையும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடக் கூடாது.

எஞ்சுவது ஒரே கேள்வி: எவ்வளவு அடிக்கடி சமைப்பீர்கள்? ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் சமைப்பவருக்கு, நான்கு பேர் சேர்ந்து நகர்த்த வேண்டிய கனத்த இரும்பு தேவையில்லை, மெல்லியதே போதும். அடிக்கடி நாள் முழுக்க உட்கார்ந்து விறகிடத் தயாரானவருக்கு, அடித்தளம் உறுதியாகவும் காற்றோட்டம் சீராகவும் உள்ள கால் அங்குலப் பழைய ஸ்மோக்கர் கிடைத்தால், மேலே எவ்வளவு துரு இருந்தாலும், வாங்கிவிடுவதே புத்திசாலித்தனம். துருவைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கவும் தயங்க வேண்டாம்.