சிறு நகரின் செல்வம்

நகரம் என்றவுடன் நம் மாணவர் கொழும்பையே எண்ணுவர். 1884ஆம் ஆண்டு புகையிரதம் வந்தடைந்த அட்டனோ வேறு இயல்பினது. சூழவுள்ள தோட்டங்களே அதன் உயிர். சம்பளத்தை அடுத்த ஞாயிறன்று கடைவீதி நிறையும். தோட்டத்தின் பெயரைச் சொன்னாலே கடைக்காரர் குடும்ப நலம் விசாரிப்பார். கொழும்பிலோ அடுத்த வீட்டார் பெயரறியாமலே ஆண்டுகள் கழிவதுண்டு.

தொழிலும் உயர்கல்வியும் தலைநகரில் மிகுதி என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோரை ஏற்றிச்சென்ற புகையிரதத்தை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். சென்றோருடன் வழியனுப்ப வந்தோரும் நிலையங்களில் நின்று அழுதனர். பிறர் பிரிவைத் தம் துயராகக் கொள்ளும் இவ்வுறவே சிறு நகரின் செல்வம். வேலை தேடிக் கொழும்பு செல்லும் இளைஞர் இதனை இழத்தலாகாது என்பதே நம் வேண்டுகோள்.