கோழிக் கொட்டகையில் சிவக்கும் கண்கள்

குஞ்சு பொரித்த ஒரு வாரத்துக்குள் அதன் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விடுவார்கள். வெள்ளைக் கழிச்சலுக்கான தடுப்பு மருந்து அது. நாமக்கல் பக்கத்துப் பண்ணையாட்களுக்குப் பழகிய வேலை. ஆயிரக்கணக்கான குஞ்சுகளைப் பிடித்து மருந்து விடும்போது வியர்வை வழியும். அதே கையால் கண்ணைத் துடைத்தால் போதும், ஓரிரு நாளில் கண் சிவந்து நீர் வடியலாம். மருந்தில் இருப்பது வீரியம் குறைந்த, ஆனால் உயிருள்ள வைரஸ்.

ராணிக்கெட் என்றும் பெயருள்ள இந்தக் கோழி நோய் மனிதக் கண்ணுக்கும் தாவும் என்பதை 1943-லேயே ஆஸ்திரேலியாவில் வைரஸ் ஆய்வாளர் மக்ஃபார்லேன் பர்னெட் பதிவு செய்துவிட்டார். அவர் சொன்னது ஓர் ஆய்வுக்கூட ஊழியரின் கண்ணைப் பற்றி. இந்தக் கண் சிவப்பு பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகவே சரியாகிவிடும். அதனாலேயே 'மெட்ராஸ் ஐ' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். மெட்ராஸ் ஐ வேறு; பெரும்பாலும் அடினோ வைரஸால் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது. (பார்த்தாலே ஒட்டிக்கொள்ளாது, கையும் துண்டும் தலையணை உறையும்தான் கொண்டுசேர்க்கும்.)

எல்லாக் கோழி வைரஸ்களும் இவ்வளவு சாதுவானவை அல்ல. 2003-ல் நெதர்லாந்துப் பண்ணைகளில் எச்7என்7 பறவைக் காய்ச்சல் பரவியபோது சுமார் 3 கோடிப் பறவைகளைக் கொன்றார்கள். தொற்று உறுதியான 89 பேரில் 78 பேருக்குக் கண் அழற்சிதான் வந்தது. ஒரு கால்நடை மருத்துவர் நுரையீரல் பாதித்து இறந்தார். 2024-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் எச்5என்1 என்ற இன்னொரு பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றிய பால்பண்ணைத் தொழிலாளிக்கும் கண் சிவந்ததுதான் அறிகுறி. அங்குள்ள பால் கறக்கும் கூடங்களில் ஆள் பள்ளத்தில் நிற்பார். மாட்டின் மடி அவர் முகத்துக்கு நேரே இருக்கும். நோயுற்ற மாட்டின் பாலில் வைரஸ் மண்டிக் கிடக்கும்.

கண்ணையே ஏன் பிடிக்கிறது? பறவைக் காய்ச்சல் வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் நம் மூக்கிலும் தொண்டையிலும் குறைவு. விழியின் மேற்படலத்தில் நிறைய. அங்கிருந்து கண்ணீர்க் குழாய் நேரே மூக்குக்குள் இறங்குகிறது.

ஆகவே சிவந்த கண்ணோடு வருபவரிடம் "வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா?" என்று கேட்கும் மருத்துவர், "என்ன வேலை பார்க்கிறீர்கள், கோழியோ மாடோ செத்ததா?" என்றும் கேட்க வேண்டும். நோயாளியும் கடையில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்ளாமல் தன் வேலையைப் பற்றித் தானாகவே சொல்ல வேண்டும். பண்ணை முதலாளி முகக்கவசத்தோடு கண்ணையும் மூடும் கண்ணாடி தர வேண்டும். கொட்டகை வெக்கையில் அது ஆவி படிந்து மங்கும். ஆட்கள் கழற்றி வைத்துவிடுவார்கள். நடுநடுவே வெளியே வந்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, கண்ணாடியைத் துடைத்து மாட்ட நேரம் கொடுத்தால்தான் அது முகத்தில் நிற்கும்.